பூட்டான் அகதிகள்: சித்திரவதைக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகள்

2009 பிப்ரவரியிலிருந்து 2012 பிப்ரவரி வரை, மூன்று ஆண்டுகளில், அமெரிக்காவில் புதிதாகக் குடியேறிய பூட்டான் அகதிகளில் 16 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. கணக்கிட்டபோது ஆண்டுக்கு லட்சத்துக்கு 20.3 என்று வந்தது. அமெரிக்கப் பொதுமக்களிடையே அப்போது அந்த விகிதம் 12.4. நேபாளத்து அகதி முகாம்களில் நீண்ட ஆண்டுகளைக் கழித்துவிட்டு வந்த சமூகம் இது. ஆபத்து விலகி, வாடகை வீடும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் குடியுரிமைக்கு ஒரு வழியும் கிடைத்த நேரத்தில் ஏன் இப்படி நடந்தது?

அகதிகளின் மனநலம் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஏதோ ஒரு முகாமில், ஏதோ ஒரு வருடத்தில் எடுத்த கணக்கு மட்டுமே கையில் இருக்கும். பூட்டான் அகதிகள் விஷயத்தில் வெளியேற்றம், முகாம் வாழ்க்கை, மூன்றாம் நாட்டுக் குடியேற்றம் என்று எல்லாக் கட்டத்தையும் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. சித்திரவதைக்கு உள்ளானவர்களைத் தனியாக எடுத்து ஆராய்ந்த ஆய்வுகளும் உண்டு. இவற்றை வரிசையாக வைத்துப் படித்தபோது எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றியது. சித்திரவதை செய்த சேதம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதை, அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு ஊர், வேலை, உறவு, சட்ட அடையாளம் ஆகியவை திரும்பக் கிடைத்தனவா என்பதுதான் பெருமளவு முடிவு செய்கிறது. அதைக் கணக்கில் எடுக்காத சிகிச்சை பாதியில் நின்றுவிடும்.

துரத்தப்பட்ட விதம்

பூட்டானின் தெற்கு மலையடிவாரத்தில் நேபாளி பேசும் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். லோட்சம்பா என்று அந்நாட்டில் அவர்களுக்குப் பெயர். பெரும்பாலும் இந்துக்கள், நெல்லும் ஆரஞ்சும் ஏலக்காயும் விளைவித்தவர்கள். 1958இல் வந்த சட்டம் அவர்களுக்குக் குடியுரிமை தந்தது. 1985இல் வந்த இன்னொரு சட்டம் அதை இறுக்கியது. 1988இல் தெற்கு மாவட்டங்களில் கணக்கெடுப்பு நடத்தி, 1958ஆம் ஆண்டின் நிலவரி ரசீதைக் காட்டச் சொன்னார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு துண்டுக் காகிதம் அது. மக்களை ஏழு வகையாகப் பிரித்துப் பதிந்தார்கள். ஒரே வீட்டில் கணவன் ஒரு வகையிலும் மனைவி வேறு வகையிலும் விழுந்தார்கள். 1989இல் வடக்கத்திய உடையும் ஒழுங்குமுறையும் எல்லோருக்கும் கட்டாயமாயின. பள்ளிகளில் நேபாளி மொழிப் பாடம் நிறுத்தப்பட்டது. கணக்கெடுப்பை எதிர்த்து மன்னரிடம் முறையிட்ட டேக் நாத் ரிசால், 1989 நவம்பரில் நேபாளத்தில் பிடிபட்டு பூட்டானிடம் ஒப்படைக்கப்பட்டார். 1999 டிசம்பர் வரை சிறையில் இருந்தார்.

1990 செப்டம்பரில் தெற்கில் ஊர்வலங்கள் நடந்தன. தொடர்ந்து கைதுகள். பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு ராணுவத் தங்குமிடங்களாகவும் அடைத்துவைக்கும் இடங்களாகவும் மாறின. அம்னஸ்டி இன்டர்நேஷனல் 1992இல் வெளியிட்ட அறிக்கையும் பிறகு வந்த வாக்குமூலங்களும் அங்கே நடந்ததைச் சொல்கின்றன: அடி, உதை, தொடையைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நசுக்குவது, பெண்கள் மீது பாலியல் வன்முறை. பிடிபட்டவர்களில் பலர் எந்த அமைப்பிலும் இல்லாத விவசாயிகள்.

விடுதலை சும்மா கிடைக்கவில்லை. ஊரை விட்டுப் போகிறேன் என்ற சம்மதத்தோடு சேர்த்துத்தான் பலருக்கு அது வந்தது. 'விருப்ப வெளியேற்றம்' என்ற படிவத்தில் கையெழுத்து போடவேண்டும். பலருக்குப் படிக்கவே தெரியாத சோங்கா மொழியில் அது இருந்தது. சிலரைக் கேமராவுக்கு முன்னால் சிரிக்கவும் சொன்னார்கள். அப்புறம் லாரிகளில் ஏறி, இந்திய மண்ணைக் குறுக்கே கடந்து, மேச்சி ஆற்றுப் பாலம் வழியாக நேபாளத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். பூட்டானுக்கும் நேபாளத்துக்கும் பொது எல்லை கிடையாது. இடையில் இருப்பது இந்தியா.

இந்தப் படிவத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடித்தவர்களே, 'நீயாகத்தான் போனாய்' என்று எழுதி வாங்கிக்கொண்ட காகிதம் அது. பின்னால் வந்த மன வேதனைகளில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது என் கருத்து.

முகாமில் மருத்துவர்கள் கண்டது

முதலில் வந்தவர்கள் மாய் ஆற்றங்கரையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு தங்கினார்கள். நோய்களில் நிறையக் குழந்தைகள் இறந்தார்கள். 1992லிருந்து ஐ.நா. அகதிகள் ஆணையம் ஜாபா, மொரங் மாவட்டங்களில் முகாம்களை ஒழுங்குபடுத்தியது. மொத்தம் ஏழு முகாம்கள். தொண்ணூறுகளின் நடுவில் தொண்ணூறாயிரம் பேருக்கு மேல். மூங்கில் குடிசை, ரேஷன் அரிசி, பருப்பு, எண்ணெய். வெளியே போய் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி கிடையாது.

நேபாளத்தில் 1990இல் தொடங்கிய சிவிக்ட் என்ற அமைப்பு, சித்திரவதைக்கு உள்ளானோருக்காகவே வேலை செய்துவந்தது. முகாம்களில் அப்படிப்பட்டவர்கள் 2,000க்கும் அதிகமாக இருப்பதை அது பட்டியலிட்டது. அந்தப் பட்டியலிலிருந்து 526 பேரையும், அதே வயதும் பாலினமும் கொண்ட, ஆனால் சித்திரவதைக்கு உள்ளாகாத 526 அகதிகளையும் எடுத்து உள்ளூர் மருத்துவர்களே நேர்காணல் செய்தார்கள். 1998இல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் அது வெளியானது. இதை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம், ஒப்பிட்ட இரண்டு தரப்பும் ஒரே முகாம்வாசிகள் என்பதுதான். ஊர் போனதும் குடிசையும் ரேஷனும் இரண்டு தரப்புக்கும் பொது. ஆகவே வித்தியாசம் தெரிந்தால் அதைச் சித்திரவதையின் கணக்கில் வைக்கலாம்.

வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. மனவடுவுக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறுக்கு (பி.டி.எஸ்.டி.) 17 அறிகுறிகள் வரையறுக்கப்பட்டிருந்தன. அவற்றில் 15, சித்திரவதைக்கு உள்ளானவர்களிடம் கூடுதலாக இருந்தன. அந்தக் கோளாறுக்கான வாய்ப்பு விகிதம் 4.6 மடங்கு. மனச்சோர்வுக்கு 1.9 மடங்கு, பதற்றத்துக்கு 1.5 மடங்கு. தசை, எலும்பு வலிகளும் மூச்சு தொடர்பான தொந்தரவுகளும் இவர்களிடம் அதிகம்.

இந்தக் கடைசி வரி வெளியே அவ்வளவாகப் பேசப்படவில்லை. முகாம் மருத்துவமனைக்கு வந்தவர் 'எனக்குப் பழைய நினைவு வருகிறது' என்றா ஆரம்பிப்பார்? இடுப்பு வலிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கை கால் குடைகிறது, ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை என்பார். பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடலாம். அடுத்த வாரமும் வருவார். அதே மக்களிடம் பிறகு செய்த பகுப்பாய்வில், மனச்சோர்வையும் பதற்றத்தையும் கழித்துப் பார்த்தாலும் பி.டி.எஸ்.டி. அறிகுறிகள் கூடக் கூட உடல் உபாதைகளும் கூடின, உடலின் பல உறுப்புகளுக்கும் பரவின என்று தெரிந்தது.

இதில் நடிப்பு ஏதும் இல்லை. ஆபத்து வரும்போது உடல் ஓடவோ மோதவோ தயாராகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு மேலோட்டமாகிறது. கட்டிவைத்து அடிக்கப்படும் ஒருவரால் ஓடவும் முடியாது, மோதவும் முடியாது. தயாரான உடல் அப்படியே மாட்டிக்கொள்கிறது. அதன் பிறகு ஒரு பூட்ஸ் சத்தமோ கதவு தட்டலோ சீருடையோ போதும், மூளையின் அச்ச மையம் பழைய கட்டளையையே மறுபடி போடும். நாள் முழுக்க இறுகிய தசை வலிக்கத்தான் செய்யும். அதோடு உண்மையான காயங்களும் உண்டு: நசுங்கிய தொடைத் தசை, சரியாகக் கூடாத எலும்பு. எது பழைய காயம், எது இறுக்கம் என்று பிரித்துப் பார்க்க நேரமும் பொறுமையும் உள்ள மருத்துவர் வேண்டும்.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தி இருந்தது. சித்திரவதைக்கு உள்ளானவர்களில் பௌத்தர்களாக இருந்தவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் குறைவு. இதை வைத்து ஒரு மதத்தை மருந்தாக்கிவிடக் கூடாது. ஆனால் துருக்கியில் சித்திரவதைக்கு உள்ளான அரசியல் செயல்பாட்டாளர்களை மெடின் பாஷோலு குழுவினர் ஆராய்ந்தபோது கண்டதோடு சேர்த்துப் படித்தால் ஒரு பொருள் கிடைக்கிறது. 'என்னைப் பிடிப்பார்கள், அடிப்பார்கள்' என்று முன்பே மனதளவில் தயாராக இருந்தவர்கள், அனுபவித்த கொடுமையின் அளவோடு ஒப்பிட்டால் குறைவாகவே பாதிக்கப்பட்டிருந்தார்கள். நடந்ததற்கு ஏதாவது ஒரு அர்த்தம் கையில் இருப்பது உதவுகிறது. தெற்கு பூட்டானின் விவசாயிக்கு அப்படி எதுவும் இல்லை. காலையில் வயலுக்குப் போனவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எதற்கென்று அவருக்கே தெரியாது.

2001இல் வெளியான அடுத்த பெரிய ஆய்வு 418 பேரை 392 பேரோடு ஒப்பிட்டது. மார்க் வான் ஓமரன் தலைமையில் நடந்த இந்த ஆய்வில் பி.டி.எஸ்.டி.யோடு தீராத உடல்வலி, நினைவு அறுந்துபோவது, நரம்பில் கோளாறில்லாமலே கை கால் செயலிழப்பது போன்ற நிலைகளும் சித்திரவதைக்கு உள்ளானவர்களிடம் அதிகம் காணப்பட்டன. அவர்களுக்குள்ளேயே ஆண்களைவிடப் பெண்களுக்குப் பாதிப்பு கூடுதல். பெண்களின் நிலையை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: அடிபட்ட ஆண் முகாமில் அதைச் சொல்லலாம், சில இடங்களில் அதற்கு மரியாதையும் உண்டு. பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண் சொன்னால் கணவன் வீடும் போய்விடும், மகளின் கல்யாணமும் நின்றுவிடும். பக்கத்துக் குடிசைக்கும் தன் குடிசைக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டி மட்டுமே உள்ள இடத்தில் ஆலோசகரிடம்கூட என்ன பேச முடியும்?

காரணம் தெரியாத ஒரு நோய்

தொண்ணூறுகளில் ஒரு முகாமில் மருத்துவக் காரணம் எதுவும் பிடிபடாத ஒரு நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்று பரவியது. கிருமியும் இல்லை, விஷமும் இல்லை. இப்படி நடந்தால் வழக்கமாக 'கூட்டுப் பதற்றம்' என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். ஆய்வாளர்கள் அப்படி விடவில்லை. நோயுற்ற 68 பேரையும் நோய் தொடாத 66 பேரையும் உட்காரவைத்து வாழ்க்கைக் கதையைக் கேட்டார்கள். நோயுற்றவர்களிடம் கடந்தகால வன்முறை அனுபவமும், அண்மையில் நெருங்கியவரை இழந்த துயரமும் கூடுதலாக இருந்தன.

எனக்கு இந்தச் சிறிய ஆய்வு மிகவும் பிடிக்கும். பக்கத்தில் ஒருவர் மயங்கி விழுவதைப் பார்த்தவர்கள் அந்த முகாமில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். எல்லோரும் விழவில்லை. சொல்லாமல் சுமந்த துக்கம் யாரிடம் இருந்ததோ அவர்களிடம் நோய் ஒட்டிக்கொண்டது. 'கும்பலைப் பார்த்துத் தானும் விழுகிறாள்' என்று ஒதுக்கப்படுகிற நோயாளி யாராக இருந்தாலும், அவளிடம் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்க இது போதுமான காரணம்.

திரும்பி வந்த படிவம்

1993லிருந்து பூட்டானும் நேபாளமும் சுற்றுச் சுற்றாகப் பேசின. 2001இல் ஒருவழியாகக் குடுனாபாரி முகாமில் கூட்டுச் சரிபார்ப்பு தொடங்கியது. பன்னிரண்டாயிரம் பேர் கொண்ட முகாம் அது. மக்கள் பழைய நில ஆவணங்களையும் ரசீதுகளையும் துணியில் சுற்றி வைத்திருந்து எடுத்துப் போனார்கள். 2003 ஜூனில் முடிவு வந்தது. கட்டாயமாக வெளியேற்றப்பட்ட உண்மையான பூட்டானியர் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுமார் 2.5 சதவீதம். ஏறத்தாழ 70 சதவீதம் பேர் 'தாங்களாகவே நாட்டைவிட்டுப் போனவர்கள்' என்று வகைப்படுத்தப்பட்டார்கள். மீதிப் பேரில் பெரும்பாலோர் பூட்டானியரே இல்லை என்றார்கள். ஒரு சிறு பகுதி குற்றவாளிகள் என்றார்கள்.

துப்பாக்கி முனையில் போட்ட கையெழுத்து பத்து ஆண்டு கழித்து அரசாங்கத் தீர்ப்பாக வந்து நின்றது. சித்திரவதைக்கு உள்ளானவர்களோடு வேலை செய்கிறவர்கள் எல்லா நாட்டிலும் ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள்: தனக்கு நடந்ததை யாரும் நம்பமாட்டார்கள் என்ற பயம் அவர்களிடம் ஆழமாக இருக்கும். பல நேரம் அடிப்பவனே அதைச் சொல்லியிருப்பான். இங்கே இரண்டு அரசுகள் சேர்ந்து அந்தப் பயத்தை உறுதிப்படுத்தின. ஒருவர்கூட நாடு திரும்பவில்லை.

முகாமிலேயே தற்கொலைகள் நடந்துகொண்டுதான் இருந்தன. பின்னர் சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பு அங்கே கணக்கெடுத்தபோது, அமெரிக்காவில் சி.டி.சி. கண்ட அதே அளவு விகிதம்தான் கிடைத்தது. 'அமெரிக்கா போனதால் செத்தார்கள்' என்ற எளிய விளக்கத்தை இது கேள்விக்கு உள்ளாக்குகிறது. முகாமில் இருந்த ஏதோ ஒன்று விமானத்தில் கூடவே ஏறி வந்திருக்கிறது. அங்கே புதிதாகவும் ஏதோ சேர்ந்திருக்கிறது.

ஓஹாயோ, பென்சில்வேனியா, டெக்சாஸ்

2008லிருந்து எட்டு நாடுகள் இவர்களை ஏற்றுக்கொண்டன. மொத்தம் 1,13,000 பேருக்கு மேல் போனார்கள்; அதில் மிகப் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. முகாம்களில் இது ஒரே குரலில் நடக்கவில்லை. 'போனால் பூட்டானுக்கான உரிமை போய்விடும்' என்று ஒரு தரப்பு கடுமையாக எதிர்த்தது. வீடுகள் பிளந்தன. மகன் விண்ணப்பிப்பான், அப்பா மாட்டேன் என்பார்.

வந்தவர்களுக்குக் கிடைத்தது இறைச்சி ஆலையிலோ கிடங்கிலோ ஹோட்டல் துப்புரவிலோ வேலை. அதுவும் ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த இளைஞர்களுக்கு. 2009 என்பது அமெரிக்காவே வேலை இழந்து தவித்த காலம். குடும்பத் தலைவராக இருந்த ஐம்பது வயதுக்காரர் வீட்டில் உட்கார்ந்தார். கடிதத்தைப் படித்துச் சொல்ல, டாக்டரிடம் பேச, பஸ் பிடிக்க எல்லாவற்றுக்கும் பதினைந்து வயதுப் பேத்தியைக் கூப்பிடவேண்டும்.

சி.டி.சி. இரண்டு வேலை செய்தது. இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் விரிவாகப் பேசியது. அரிசோனா, ஜார்ஜியா, நியூயார்க், டெக்சாஸ் மாநிலங்களில் 423 பேரிடம் கணக்கெடுப்பும் நடத்தியது. மனச்சோர்வு அறிகுறிகள் 21 சதவீதம் பேரிடம், பதற்றம் 19 சதவீதம் பேரிடம். பி.டி.எஸ்.டி. ஐந்து சதவீதத்துக்கும் கீழே.

இந்த எண்ணைப் படித்துவிட்டு 'அப்படியானால் பழைய காயம் ஆறிவிட்டது' என்று முடிவு கட்டுவது தவறு. நேபாள ஆய்வுகள் சித்திரவதைக்கு உள்ளானவர்களையே தேடி எடுத்தவை. இது பொதுச் சமூகத்திலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தது. முகாமில் பிறந்த இருபது வயது இளைஞரும் இதில் உண்டு. இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் வேறொன்றை இது சொல்கிறது. ஒரு அகதிச் சமூகத்தில் பி.டி.எஸ்.டி. கேள்வித்தாளை மட்டும் நீட்டி, மதிப்பெண் குறைவாக வந்தால் நிம்மதியாகப் போய்விடுகிற வழக்கம் ஆபத்தானது. உயிரைப் பறித்த துயரம் அந்தக் கேள்வித்தாளுக்கு வெளியே இருந்தது.

அது என்ன என்பதையும் ஆய்வு காட்டியது. சாகவேண்டும் என்ற எண்ணம் யாருக்கு வந்தது என்று பார்த்தபோது, குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடும் இடத்தில் இல்லாமல் போனது, ஆதரவு இல்லை என்ற உணர்வு, தனிமை, வீட்டுச் சண்டை ஆகியவை மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்தே வந்தன. இறந்தவர்கள் எதிர்கொண்டவை என்று குடும்பத்தார் சொன்னவை: மொழி தெரியாதது, அங்கே விட்டு வந்த உறவுகளைப் பற்றிய கவலை, பூஜை, சடங்கு, பழக்கவழக்கங்களைத் தொடர முடியாதது.

இதை 'கலாச்சார அதிர்ச்சி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தெற்கு பூட்டானில் ஒரு ஆண் யார் என்பது அவருடைய நிலத்தாலும் அவர் தாங்கும் குடும்பத்தாலும் ஆனது. பூட்டான் ராணுவம் நிலத்தைப் பறித்தது. முகாம் உழைப்பைப் பறித்தது. அமெரிக்காவில் கடைசியாக மிஞ்சியிருந்த வீட்டுத் தலைவர் என்ற இடமும் போனது. இழப்பு ஒரே திசையில் மூன்று முறை நடந்தது.

முதியவர்களுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. வருமானமில்லாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அமெரிக்க அரசு தரும் உதவித்தொகை, அகதியாக வந்தவருக்கு ஏழு ஆண்டுகள்தான். அதற்குள் குடிமகனாகவேண்டும். அதற்கு ஆங்கிலத் தேர்வு எழுதவேண்டும். தாய்மொழியிலேயே எழுதப் படிக்கத் தெரியாதவர், அதிலும் நினைவும் கவனமும் சிதறிப்போன மனவடு நோயாளி, எப்படித் தேறுவார்? மருத்துவச் சான்று இருந்தால் விலக்கு உண்டு. அந்தச் சான்றை எழுதிக் கொடுக்கிற மருத்துவருக்கு இவருடைய கதை தெரிந்திருக்கவேண்டும்.

எது உதவியது

முகாமில் சிவிக்ட் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது, அகதிகளிலிருந்தே ஆட்களைப் பயிற்றுவித்ததுதான். மொழி ஒன்று, ஊர் ஒன்று. வீடு தேடிப் போய்ப் பேச முடியும். மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்த நாட்டில் வேறு வழியும் இருக்கவில்லை.

மனவடுவை நேரடியாகத் தொடும் சிகிச்சைகளுக்கும் நல்ல சான்று இருக்கிறது. கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தின் மாகி ஷாவர், பிராங்க் நொய்னர், தாமஸ் எல்பெர்ட் உருவாக்கிய கதைவழிச் சிகிச்சை அவற்றில் ஒன்று. பிறந்ததிலிருந்து இன்றுவரை வாழ்க்கையை ஒரு கயிறாகத் தரையில் விரித்து, நல்லது நடந்த இடத்தில் பூவும் கெட்டது நடந்த இடத்தில் கல்லும் வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு கல்லாக நிதானமாகப் பேசி, கடைசியில் முழுக் கதையையும் எழுதிக் கையில் கொடுப்பார்கள். சிதறிக் கிடக்கிற நினைவுக்கு இடமும் தேதியும் கிடைக்கிறது. அது முடிந்துபோனது என்று உடல் மெல்லப் பழகுகிறது. உகாண்டாவின் இம்வெபி குடியிருப்பில் இருந்த 43 சூடான் அகதிகளிடம் இதைச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். நான்கே அமர்வுகள். ஓராண்டு கழித்து இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 29 சதவீதம் பேருக்கு மட்டுமே பி.டி.எஸ்.டி. இருந்தது, வெறும் ஆறுதல் ஆலோசனை பெற்றவர்களில் 79 சதவீதம் பேருக்கு இருந்தது. அகதி முகாமிலேயே, சாதாரண இடத்தில், இது முடியும் என்பது பெரிய விஷயம். 'பொய்யாகப் படிவம் எழுதி வாங்கப்பட்ட' ஒருவருக்குத் தன் கதை உண்மையாக எழுதப்பட்டுக் கையில் கிடைப்பது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் டெக்சாஸில் பூட்டானியப் பெண்களிடம் நடந்த ஒரு சிறிய முயற்சி என்னை இன்னும் அதிகம் யோசிக்கவைத்தது. அங்கே யாரும் மனதைப் பற்றிப் பேசச் சொல்லவில்லை. வங்கிக் கணக்கு, பட்ஜெட், கடன், சேமிப்பு என்று பணத்தைக் கையாளும் வகுப்பைக் குழுவாக நடத்தினார்கள். வகுப்பு முடிந்தபோது மனச்சோர்வு, பதற்றம், மனவடு அறிகுறிகள் எல்லாமே குறைந்திருந்தன. வாரம் ஒருமுறை வீட்டை விட்டு வெளியே வந்து, தன் மொழியில் பேசுகிறவர்களோடு உட்கார்ந்து, அடுத்த மாத வாடகையைத் தானே கணக்குப் போடத் தெரிந்துகொள்வது சிகிச்சையாக வேலை செய்திருக்கிறது. பல ஊர்களில் தொடங்கிய சமூகத் தோட்டங்களிலும் இதே பலனைப் பார்த்தார்கள். கடுகுக் கீரையும் மிளகாயும் விளைவித்த முதியவர் வீட்டுக்கு ஏதோ கொண்டுவருகிற ஆளாக மறுபடி ஆனார்.

மனநல முதலுதவிப் பயிற்சியைச் சமூகத் தலைவர்களுக்குக் கொடுத்ததும் நல்ல முடிவு. பண்டிதரிடமோ பாஸ்டரிடமோதான் ஜனங்கள் முதலில் போகிறார்கள்.

மருத்துவமனையில் கவனிக்கவேண்டியவை

நம் வாசகர்களில் மருத்துவர்களும் செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் இருக்கலாம் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். சித்திரவதைக்கு உள்ளானவருக்கு மருத்துவமனையே மிரட்டலாக இருக்கும். உடையைக் கழற்றச் சொல்வது, ஈசிஜி வயர்களை ஒட்டுவது, பல் மருத்துவரின் சாய்வு நாற்காலி, குறுகிய அறையில் கதவை மூடுவது என்று ஒவ்வொன்றும் பழைய அறையை நினைவூட்டும். சில நாடுகளில் சித்திரவதைக் கூடத்தில் மருத்துவரே உடனிருந்ததும் உண்டு. என்ன செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம் என்ற உரிமையைக் கொடுத்தால் பாதிப் பயம் போகும். மொழிபெயர்க்க வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைக்கவே கூடாது. அம்மாவுக்கு நேர்ந்ததை மகன் வாயால் சொல்லவைப்பது இன்னொரு கொடுமை. வெளியாள் என்றாலும் அவர் எந்தச் சாதி, எந்தக் கட்சி, எந்த ஊர் என்பது நோயாளிக்கு முக்கியம். கேட்டுவிட்டுத்தான் ஏற்பாடு செய்யவேண்டும்.

அடுத்தது பதிவு. 1999இல் இறுதி செய்யப்பட்டு ஐ.நா. ஏற்ற இஸ்தான்புல் நெறிமுறை, தழும்பையும் மனநிலையையும் எப்படி ஆவணமாக்குவது என்று விளக்குகிறது. புகலிட விண்ணப்பத்தில் தேதி முன்பின் மாறினால் 'பொய் சொல்கிறார்' என்று அதிகாரி எழுதிவிடுவார். மனவடு நினைவை எப்படிக் குலைக்கும் என்பதை ஒரு பத்தியில் விளக்கும் மருத்துவக் கடிதம் அங்கே வழக்கின் போக்கையே மாற்றும். 2009இல் சக்காரி ஸ்டீல் குழுவினர் 181 கணக்கெடுப்புகளை, 81,866 பேரின் தரவுகளை ஒன்றாகத் தொகுத்து ஆராய்ந்தபோது, பி.டி.எஸ்.டி.யோடு மிக வலுவாகத் தொடர்புபட்ட காரணியாக வந்தது சித்திரவதைதான். 'உங்களை யாராவது அடைத்துவைத்துத் துன்புறுத்தினார்களா?' என்ற கேள்வி அகதிகளைப் பார்க்கும் எந்த மருத்துவமனையிலும் முதல் பக்கத்தில் இருக்கவேண்டும்.

2025

இந்த நிகழ்வு ஆய்வைச் சில ஆண்டுகளுக்கு முன் எழுதியிருந்தால், குடியுரிமை பெற்று வீடு வாங்கி, கடை திறந்து, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் ஒரு சமூகத்தைக் காட்டி முடித்திருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் 2025 மார்ச்சிலிருந்து அமெரிக்க அரசு, குற்ற வழக்குகளில் தண்டனை பெற்றிருந்த பூட்டான் அகதிகள் பலரைப் பிடித்துப் பூட்டானுக்கே விமானம் ஏற்றியது. பூட்டான் அவர்களை வைத்துக்கொள்ளவில்லை. உடனே இந்திய எல்லைக்குக் கொண்டுபோய் விட்டது. அவர்களில் சிலர் பழையபடி இந்தியாவைக் கடந்து நேபாளத்துக்குள் வந்து, உரிய ஆவணமில்லாமல் நுழைந்ததாகக் கைதானார்கள். அவர்களில் சிறுவயதில் முகாமைவிட்டுப் போனவர்களும் உண்டு. பெல்டாங்கி, சனிச்சரே முகாம்களில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இன்னும் இருக்கிறார்கள்; திரும்பி வந்தவர்கள் அங்கேதான் ஒண்டவேண்டியிருக்கிறது.

பூட்டான் சிறைகளிலும் 1990களில் பிடிபட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2023இல் பதிவு செய்த அரசியல் கைதிகளின் எண்ணிக்கை 37. அவர்களில் லோட்சம்பாக்களின் குடும்பங்கள் பல முகாமிலோ அமெரிக்காவிலோ இருக்கின்றன. அந்தக் குடும்பங்களில் துக்கம் அனுசரிக்கவும் முடியாது, காத்திருப்பதை நிறுத்தவும் முடியாது.

நாடு கடத்தப்பட்டவர்களின் எண்ணிக்கை சிறியது. ஆனால் சித்திரவதையிலிருந்து தப்பிய முதியவர் ஒருவருக்கு, 'இங்கே உங்களை யாரும் எதுவும் செய்ய முடியாது' என்று எந்த ஆலோசகரும் இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. கதைவழிச் சிகிச்சை, மருந்து, தோட்டம், வகுப்பு எல்லாம் 'அது முடிந்துவிட்டது' என்ற ஒரு உண்மையின் மேல்தான் நிற்கின்றன. அந்த உண்மையைத் தரவேண்டியது அரசுகள்: அமெரிக்கா இந்த வெளியேற்றங்களை நிறுத்தவேண்டும், நேபாளம் முகாமில் மிஞ்சியவர்களுக்குச் சட்ட அந்தஸ்து தரவேண்டும், பூட்டான் கைதிகளை விடுவித்து, 'விருப்ப வெளியேற்றம்' என்று எழுதி வாங்கிய படிவங்களைச் செல்லாதவை என்று அறிவிக்கவேண்டும்.